ஜெய்சல்மேருக்கு ஐந்து ரிக்கற்

ஊரையெல்லாம் பெட்டி படுக்கையோடு வழியனுப்பி வைத்துவிட்டுத் தான் மட்டும் கதிரையிலேயே குந்தியிருக்கிற தொழில், பிரயாண முகவர் தொழில். ரிக்கற் விற்றவர்கள், விடுதி பிடித்துக் கொடுத்தவர்கள், கண்ணால் காணாத ஊரைப் பற்றி “ஓம், அங்க சுடுதண்ணி வரும்” என்று சத்தியம் பண்ணினவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் பட்ட பாடு அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

எழுபதுகளின் கடைசிக் காலம். வெளிநாடு என்று ஒன்று இருக்கிறது, அங்கே போகவும் ஏலும் என்று சனம் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தது. திருகோணமலை உள்துறைமுக வீதியில், மூதூருக்கு ஆட்களை ஏற்றுகிற லோஞ்ச் படகு புறப்படுகிற இறங்குதுறைக்குக் கிட்ட எங்கள் கந்தோர். முதலாளி ஹனிபா குறிஞ்சாக்கேணிக்காரர். ஹஜ்ஜுக்கு ஆட்களை அனுப்பி நல்ல பேர் எடுத்தவர். முதலாளிக்கு ஒரு கதிரை, எனக்கு ஒரு கதிரை, வருகிறவர்களுக்கு ஒரு வாங்கு, சுவரிலே பெரிய தேசப்படம். அந்தப் படத்தில் அநுராதபுரத்துக்கு அங்கால் நான் கால் வைத்த இடம் ஒன்றுமில்லை.

கப்பல் வராத வியாபாரம்

தண்டையல் ஞானப்பிரகாசத்தைத் துறைமுகப் பக்கத்தில் தெரியாத ஆள் இல்லை. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துத் துறைக்குள் கொண்டுவருகிற இழுவைப் படகில் ஆயுள் முழுக்கச் சுக்கான் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தொப்பியை மட்டும் கழற்றவில்லை. ஒரு நாள் காலையில் வந்து வாங்கில் இருந்துகொண்டு, “தம்பி, ஜெய்சல்மேர் எண்டு ஒரு ஊர் இருக்காம். வட இந்தியாவில, பாலைவனத்துக்கு நடுவில. அங்க போகோணும்” என்றார். அவர் இழுத்துக் கட்டின கப்பலொன்றில் வந்த இந்திய எஞ்சினியர் அந்த ஊர்க்காரராம். ஒரு காலத்தில் ஒட்டக வரிசையிலே பட்டும் அபினும் வாசனைச் சாமானும் அங்கே வந்து இறங்குமாம். அதில் பெருத்த வியாபாரிகள் கல்லிலே சரிகை வேலை செய்ததுபோல மாளிகை மாளிகையாகக் கட்டி வைத்திருக்கிறார்களாம்.

“துறைமுகம் இல்லை, ஆறு இல்லை, ஒரு தோணி விட வழியில்லை. பிறகு எப்பிடித் தம்பி ஒரு ஊர் வியாபாரத்தில பெருக்கும்? எனக்கு இது விளங்கோணும்” என்று தண்டையல் மேசையில் தட்டினார். யாரோ அவருடைய துறைமுகத்தை அவமதித்துவிட்டதுபோல இருந்தது அவர் முகம்.

முதலாளி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “தண்டையல், மணல் பாக்கவா இந்தியாவுக்குப் போறீங்க? நிலாவெளிக்கு பஸ் ஏறினாப் போதும். வேணுமெண்ட மட்டும் மணல் இருக்கு, கடலும் சேத்துக் குடுப்பாங்க!”

கலாசாரம் வந்து ஏறியது

தனியாகப் போவதைவிடக் கூட்டமாகப் போவது செலவுக்கு வாசி என்று நான் சொல்லிவைத்தேன். தண்டையல் தன் கூட்டாளி கந்தப்பரைப் பிடித்தார். அவர் கிளிவெட்டியில் வயல் செய்கிறவர். வருசத்தில் நாலு நாள் மழை பெய்கிற ஊரில் சனம் எப்படி உயிர் வாழுது என்று பார்க்க அவருக்கும் ஆசை. பிறகு எப்படியோ மணம் பிடித்துப் பத்மநாதன் மாஸ்டர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து ஓய்ந்தவர். ஓய்ந்தது பள்ளிக்கூடம்தான் என்று சொல்ல வேண்டும். அவர் வந்த அன்றே எங்கள் பிரயாணத்தின் பெயர் மாறிவிட்டது. “இது சுற்றுலா இல்லை. கலாசாரப் பயணம்!” என்று அறிவித்தார்.

அதன் பிறகு கிழமைக்கொரு கூட்டம், எங்கள் கந்தோரில். மாஸ்டர் தேசப்படத்துக்கு முன்னால் நின்று அடிமட்டத்தால் சுட்டிக்காட்டி, ராஜபுத்திரர் தொடங்கி ஒட்டக வரி வரைக்கும் பொழிவார். கந்தப்பர் கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொள்ளப் பழகிவிட்டார். தண்டையலின் மனைவி அன்னம்மா அக்கா ஒரு நாள் புருசனோடு வந்து, முழுப் பிரசங்கத்தையும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கோ” என்று மாஸ்டர் முடித்தபோது, அந்த அம்மா மட்டும்தான் வாயைத் திறந்தார்.

“மாஸ்டர் சொன்ன மாளிகை, கோட்டை, யன்னல் வேலைப்பாடு எல்லாம் சரி. கக்கூஸ் எந்தப் பக்கம்?”

அன்னம்மா அக்காவின் மறுப்பு

கக்கூஸ் விசயம் ஒருவாறு தீர்ந்தது. அடுத்ததாக வழியைச் சொன்னேன்: திருகோணமலையில் ரயில் ஏறி, மாகோவில் மாறித் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். பிறகு சென்னை, டில்லி, ஜோத்பூர் என்று ரயில் மேல் ரயில். ‘கப்பல்’ என்று நான் சொன்னதும் அன்னம்மா அக்கா எழும்பி வெளியே போய்விட்டார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், துறைமுகத்திலேயே பேர் போன தண்டையலின் மனைவி, பிறந்த நாள் தொட்டு ஒரு வள்ளத்தில்கூடக் கால் வைக்காதவர். மூதூரில் இருக்கிற சொந்தத் தங்கையைப் பார்க்கவும் தரைவழியாக ஊரெல்லாம் சுற்றித்தான் போவாராம்.

காரணத்தைத் தண்டையல் இறங்குதுறையில் வைத்து எனக்குச் சொன்னார். முன்னொரு புயலில், வெளியே தத்தளித்த கப்பலை இழுக்கப் போன அவருடைய படகு சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. அன்னம்மா அக்கா மழையில் கடற்கரையிலே நின்றிருக்கிறார். தண்டையல் கரைக்கு வந்தபோது அந்த அம்மா அழவில்லை, ஏசவில்லை; திரும்பி வீட்டுக்கு நடந்தாராம். “அண்டைக்குத் தொடக்கம் அவளுக்குக் கடல் எண்டால் பகை. என்ர வேலைக் காலம் முழுக்கக் காத்திருந்தவள் அவள்தான். இனி அவளை விட்டிட்டு நான் ஒரு இடமும் போகமாட்டன். அவள் வராட்டில் இந்தக் கதையை விடுவம், தம்பி” என்றார்.

நான் வீட்டுக்கே போய் அந்த அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் நின்று அவர் சொன்னது இதுதான்: “இந்த மனுசன் இவ்வளவு காலமும் என்னை விட்டிட்டுக் கடலுக்குப் போனார். இப்ப கடலே இல்லாத ஊருக்குப் போறதுக்கும் கடலாலதான் போகோணுமோ?”

நகமளவு தண்ணீர்

ரிக்கற்றுகளை நிறுத்திவிடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அன்னம்மா அக்கா தனியாக வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு நேரே தேசப்படத்துக்கு முன்னால் போய் நின்றார். “தலைமன்னாரைக் காட்டு தம்பி” என்றார். காட்டினேன். “ராமேஸ்வரம்?” காட்டினேன். “அப்ப ஜெய்சல்மேர்?” கதிரையில் ஏறித்தான் காட்ட வேண்டியிருந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் மேலேயும் கீழேயும் பார்த்தார். பிறகு தன் பெருவிரலைத் தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவிலே வைத்தார். கடல் முழுக்க நகத்துக்குக் கீழே மறைந்துவிட்டது.

“இவ்வளவுதானோ?”

“படத்தில அவ்வளவுதான், அக்கா” என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லாமல் என் வாயை மூடியது எந்தத் தெய்வமோ!

அன்னம்மா அக்கா குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, “இந்த நகமளவு தண்ணியை வைச்சுக்கொண்டோ அந்த மனுசன் என்னை இவ்வளவு காலமும் வெருட்டினவர்?” என்றார்.

எடை தெரிவிக்கவும்

பாலைவனத்துக்குப் போய் ஒட்டகம் ஏறாமல் வந்தால் ஊர் சிரிக்கும் என்று முதலாளி சொன்னார். ஜெய்சல்மேர் விடுதிக்குத் தந்தி கொடுத்தோம்: ‘சாதுவான ஒட்டகங்கள் தேவை.’ பதில் தந்தி வந்தது: ‘ஒட்டகம் தயார். ஆட்களின் எடை தெரிவிக்கவும்.’

நண்பர்களே, பிரயாண முகவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்; அன்னம்மா அக்காவிடம் எடை கேட்கலாமா? முதலாளி தந்தியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தொழப் போய்விட்டார். பக்கத்துக் கடையில் நெல் நிறுக்கிற தராசு இருந்தது. கந்தப்பர் சிரித்துக்கொண்டு போய் ஏறி நின்றார். அவருக்கு அது பழகின தராசு. தண்டையல் தொப்பியோடு ஏறினார். கலாசாரத்துக்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை என்று மாஸ்டர் வாதாடினார், கடைசியில் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு ஏறினார்.

அன்னம்மா அக்கா தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஒட்டகம் முதல்ல தன்ர எடையைச் சொல்லட்டும் தம்பி. பேந்து நான் என்ரதைச் சொல்லுறன்.”

கந்தப்பரின் அரிசி

தை மாதக் கடைசியில் புறப்பட்டோம். வழியில் ஏதும் பிசகினால் பதில் சொல்ல ஆள் வேண்டுமென்று முதலாளி என்னையும் கூட்டி அனுப்பினார். ஸ்ரேசனில் எல்லோருடைய சாமான்களையும் பார்த்தேன். அன்னம்மா அக்காவிடம் ஒரு பெட்டி, மாஸ்டரிடம் புத்தகம் நிறைந்த ஒரு பெட்டி, கந்தப்பரிடம் ஒரு சாக்கு. தூக்கப் போனால் அசையவில்லை. கிளிவெட்டிப் புழுங்கல் அரிசி! “அங்க ரொட்டிதானாம், மாஸ்டர் சொன்னவர். ஒரு நேரமாவது சோறு இல்லாட்டில் எனக்கு ஏலாது” என்றார்.

ராமேஸ்வரத்தில் சுங்க அதிகாரி சாக்கை அவிழ்த்தார். கையை உள்ளே விட்டார். பொன்னோ, கடிகாரமோ அகப்படும் என்று தோள் வரைக்கும் விட்டார். அகப்பட்டது அரிசிதான். “இந்தியாவிலே அரிசி இல்லையென்றா தூக்கி வந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். எனக்கு வியர்த்தது. கந்தப்பர் மட்டும் கும்பிட்டுக்கொண்டு மரியாதையாகப் பதில் சொன்னார்.

“உங்கட நாட்டில இருக்கும் ஐயா. நாங்கள் போற ஊரில மழையே இல்லையாம். அந்தச் சனத்திட்டப் போய்ச் சோறு கேக்கலாமோ?”

அதிகாரி சாக்கைத் தானே கட்டிக் கொடுத்தார்.

சுக்கான் இல்லாத தண்டையல்

கப்பலில் நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். தலைமன்னாரில் ஏறும்போது தண்டையல் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். தொப்பியை நேராக்கிக்கொண்டார். நங்கூரச் சங்கிலியில் கறள் பிடித்திருக்கிறது என்று மாலுமியிடம் குறை சொன்னார். “பயப்படாதை, நான் பக்கத்தில நிக்கிறன்” என்று மனைவிக்குத் தைரியம் சொன்னார். அன்னம்மா அக்கா செபமாலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

கரை மறைந்தது, கப்பல் ஆடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தண்டையலின் கதை நின்றது. முகம் முற்றாத மாங்காய் நிறத்துக்கு வந்தது. ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக் குனிந்தார். ஆயுள் முழுக்கக் கடலில் கிடந்த மனுசன், ஆனால் ஒரு நாளாவது பயணியாக இருந்ததில்லை. சத்தம் கேட்டு அன்னம்மா அக்கா ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றக் கண்ணையும் திறந்தார். செபமாலையைப் பைக்குள் போட்டுவிட்டு எழும்பிப் போய்ப் புருசனின் நெற்றியைப் பிடித்தார். தேசிக்காய் மணக்கக் கொடுத்தார். தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, அவருடைய பங்கு வடையையும் தானே சாப்பிட்டுக்கொண்டு, அந்த அம்மா கடலைப் பார்த்தார். பகைவரைப் பார்க்கிற பார்வை அல்ல அது. இவ்வளவு காலமும் புருசன் யாரோடு பழகினார் என்று அறிகிற ஆவலோடு பார்ப்பதுபோல எனக்குப் பட்டது.

“தண்டையலுக்கு எப்பிடி இருக்கு?” என்று குனிந்து கேட்டேன். மடியில் இருந்தபடியே ஒரு விரலைத் தூக்கினார். “எனக்கு ஒண்டுமில்லை தம்பி. கப்பல் ஓட்டுறவன் சரியில்லை.”

பாலம்

ராமேஸ்வரத்தில் கால் வைத்ததும் அன்னம்மா அக்கா அந்தோனியாருக்கு நன்றி சொன்னார். கடல் முடிந்ததே! ரயிலில் யன்னலோரமாக இருந்துகொண்டு, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை அவிழ்த்தார். வண்டி ஊர்ந்து ஊர்ந்து பாம்பனைத் தாண்டி, பாலத்தில் ஏறியது. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல், கீழே எட்டிப் பார்த்தால் தண்டவாளத்து இடைவெளியிலும் கடல். சோற்றுக் கவளம் பாதி வழியில் நின்றது.

“தம்பி, இது உன்ர படத்தில இல்லையே!”

மாஸ்டருக்குத் தொண்டை கட்டியது

பாலைவனம் என்றால் அடுப்பு என்று முதலாளி உறுதியாகச் சொல்லியிருந்தார். மக்காவில் அவர் பட்ட வெயிலுக்கு அவரே சாட்சி. அதனால் ஒருவரும் கம்பளி உடுப்புக் கொண்டு போகவில்லை. டில்லி தாண்டின உடனேயே பல் கிடுகிடுக்கத் தொடங்கியது. ஜோத்பூரில் ஆளுக்கொரு போர்வை வாங்கிச் சுற்றிக்கொண்டு, கடைசி ரயிலில் நோயாளிகள் மாதிரி இருந்தோம். அந்தக் குளிரிலும் மாஸ்டர் விடவில்லை. யன்னலால் மணல் தூள் வந்து வாயில் விழுந்தாலும் விழுங்கிவிட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். விடியற்காலையில் தூரத்தே கோட்டை தெரிந்தது. வெயில் பட்டதும் கல் முழுக்க மஞ்சள் பூசினதுபோல நிறம் மாறியது. “பாருங்கள்!” என்று சொல்ல மாஸ்டர் எழும்பினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தொண்டை அடியோடு கட்டிவிட்டது.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எவ்வளவு ஆயத்தம்! ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள்தான் எங்கள் கலாசாரப் பயணத்தின் சிறந்த நாட்கள். அன்னம்மா அக்கா கல் யன்னல்களுக்குக் கீழே ஆற அமர நின்றார். உப்புக்கல் அளவில் நுணுக்கமாகக் கொத்தின பூவை விரலால் தடவிப் பார்த்தார். எடை சொல்லாமலே ஒட்டகத்திலும் ஏறி இறங்கினார். கந்தப்பர் ஊருக்கு வெளியே அரசர் வெட்டுவித்த குளத்தைக் கண்டுபிடித்து, ஒரு முழு நாளும் குளக்கட்டிலே நடந்தார். மழைநீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, மதகு எங்கே என்று, தமிழ் தெரியாத ஒரு கிழவரோடு கையாலேயே கதைத்தார். மாஸ்டர் போர்வைக்குள் இருந்துகொண்டு, சுடுதண்ணி குடித்தபடி, எல்லோரையும் பரிதாபமாகப் பார்த்தார்.

பின்னேரம் கந்தப்பர் வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னார்: “ஊர் நல்ல ஊர், மாஸ்டர். இண்டைக்குத்தான் பாக்கக் கிடைச்சது.”

துறைமுகத்தின் பேரில்

கோட்டைக்குக் கீழே ஒரு பழைய மாளிகை. கீழ்த்தட்டில் துணிக்கடை வைத்திருந்தவர் அந்த வியாபாரிக் குடும்பத்தின் வாரிசு. வெள்ளைக்காரருக்கு விற்றுப் பழகின இங்கிலிஷ் அவரிடம் இருந்தது. அரைகுறை இங்கிலிஷ் என்னிடம் இருந்தது. தண்டையல் வந்த நாள் முதல் மனதுக்குள் வைத்திருந்த கேள்வியை என் மூலமாகக் கேட்டார்: துறைமுகம் இல்லாமல் எப்படிப் பெருத்தீர்கள்? கடைக்காரர் சிரித்தார். “எங்களுக்கு மணல்தான் கடல். ஒட்டகம் இங்கே வந்து தண்ணீர் குடிக்காமல் மேற்கே போக முடியாது. நிற்கிறவன் வரி கட்ட வேண்டும், விற்கவும் வாங்கவும் வேண்டும்.” அவ்வளவுதான் ரகசியம். தண்டையல் தலையை ஆட்டினார். நிற்கிற இடம்தான் துறைமுகம் என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

“பிறகு ஏன் இப்ப இப்பிடி?” என்று கேட்டார். பாதி மாளிகை பூட்டிக் கிடந்தது, மாடத்தில் புறாக்கள். கடைக்காரர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: “பம்பாயில் துறைமுகம் பெருத்தது. சாமான் கப்பலில் போகத் தொடங்கியது. ஒட்டகம் வரவில்லை. பிறகு நாடு பிரிந்து, எல்லையும் வந்து மேற்கு வழியை மூடிவிட்டது. என் பாட்டனாரின் சகோதரர்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போனார்கள்.” நான் தண்டையலுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆயுள் முழுக்க ஒரு கப்பலையும் தட்டாமல் முட்டாமல் கரை சேர்த்தவர் என்று ஊர் மெச்சின மனுசன். அந்தக் கப்பல்கள் தூரத்தில் எந்தத் தெருவைக் காலியாக்கின என்று ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. மெல்லத் தொப்பியைக் கழற்றினார். அவருடைய தலையை நான் முதல்முதல் பார்த்தது அன்றைக்குத்தான், நல்ல வழுக்கை.

“தம்பி, இதை அவருக்கு ஒழுங்காச் சொல்லு. நான் ஒரு துறைமுகத்து ஆள். நாங்கள் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு சொல்லு.”

நான் சொன்னேன். கடைக்காரர் முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு தண்டையலின் முகத்தைக் கண்டு சிரிப்பை நிறுத்திவிட்டு எழும்பி வந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, பின்னால் துணி அடுக்கைப் பிரித்துக்கொண்டிருந்த அன்னம்மா அக்காவின் குரல் கேட்டது. “சமாதானம் பேசி முடிஞ்சுதெண்டால், இந்தக் கண்ணாடி வைச்ச சீலைக்கு விலையைக் குறைக்கச் சொல்லு தம்பி.”

அடுத்த பிரயாணம்

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். மாஸ்டருக்குக் குரல் தலைமன்னாரில் திரும்பியது. திருகோணமலை வரைக்கும் ஜெய்சல்மேரை எங்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டு வந்தார். திரும்பிய கொஞ்ச நாளில் அன்னம்மா அக்கா கந்தோருக்கு வந்தார். கண்ணாடி வைத்த துணியில் தைத்த கைப்பை தோளில் மினுங்கியது. காலையில் லோஞ்சிலே மூதூருக்குப் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு இப்போதுதான் திரும்பி வருவதாகச் சொன்னார். தண்டையல் இறங்குதுறை வரைக்கும் வந்து வழியனுப்பினாராம். படகு திரும்பி வருமட்டும் அங்கேயே நின்றாராம்.

முதலாளி மரியாதையாக எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தார். அந்த அம்மா இருக்கவில்லை. தேசப்படத்துக்குக் கிட்டப் போய், நீல நிறம் அதிகமாக இருக்கிற பக்கத்தை நிதானமாகப் பார்த்தார்.

“தம்பி, கப்பலில நாள்கணக்காப் போற ஊர் ஏதும் இருந்தால் சொல்லு. என்ர மனுசனுக்கு ஒத்துக்கொள்ளாதாம், அவர் வீட்டில நிக்கட்டும். இவ்வளவு காலமும் நான் நிண்டனான்தானே!”

இந்தத் தொழிலில் நான் கண்டறிந்தது இவ்வளவுதான்: வழியனுப்புவது சுகம், கூடப் போவது சிரமம், போய்வந்து ருசி கண்டவர்களுக்குப் பதில் சொல்வதோ ஓய்வூதியம் இல்லாத உத்தியோகம்.